அடிஸ் அபாபாவுக்கு வருகிறீர்களா? அம்ஹாரிக்கைத் தமிழ் வழியாகக் கற்றுக்கொள்ளுங்கள்

எத்தியோப்பியாவில் வேலை கிடைத்துக் கிளம்பும் நம்மவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆறுதல்தான் சொல்லப்படுகிறது: "ஆங்கிலம் போதும், சமாளித்துக்கொள்ளலாம்." ஆசிரியராக வருபவருக்கு வகுப்பறைக்குள் அது உண்மை. உயர்நிலைப் பள்ளியிலிருந்தே இங்கே ஆங்கிலத்தில்தான் பாடம் நடக்கிறது. ஆனால் தக்காளி வாங்கவும், மினிபஸ்ஸில் இறங்கவும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லவும் ஆங்கிலம் போதாது. அந்த இடங்களில்தான் அன்றாட வாழ்க்கை நடக்கிறது. அங்கே பெரும்பாலும் வேண்டியது அம்ஹாரிக் என்ற எத்தியோப்பிய மொழி.

அம்ஹாரிக் பாடப் பொருள்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதப்பட்டவை. "வினைச்சொல் கடைசியில் வரும், மிகக் கடினம்" என்று அவை பயமுறுத்தும். நமக்கு வினைச்சொல் எப்போதும் கடைசியில்தான் வருகிறது! அந்தப் பாடங்களோடு மல்லுக்கட்டிய பிறகுதான், தமிழ் தெரிந்தவருக்கு அது சுற்றுவழி என்று எனக்குப் புரிந்தது. எங்கே தமிழ் கைகொடுக்கிறது, எங்கே காலை வாரிவிடுகிறது என்று தெரிந்துகொண்டால் மூன்றே மாதத்தில் அன்றாட வேலைகளைச் சொந்த வாயால் முடித்துக்கொள்ளலாம்.

1. உங்கள் ஊரில் எந்த மொழி என்று முதலில் கேளுங்கள்

பணி ஆணை கையில் வந்ததும் செய்ய வேண்டியது இது. எத்தியோப்பியா முழுவதும் ஒரே மொழி என்று நினைத்து வரக்கூடாது. அடிஸ் அபாபா, பஹிர் தார், கோந்தர் ஆகிய ஊர்களுக்கு அம்ஹாரிக். அர்பா மிஞ்ச், ஹவாஸா போன்ற தென்பகுதி ஊர்களில் பல மொழிகள் இருந்தாலும் கடைத்தெருவில் அம்ஹாரிக்கே பொதுமொழி. அதாமா, ஜிம்மா, அம்போ, நெகெம்தே என்றால் ஒரோமியா மாநிலம். அங்கே அம்ஹாரிக் பலருக்குப் புரியும். ஆனாலும் மக்களின் மொழி அஃபான் ஒரோமோ, அதை எழுதுவது ஆங்கில எழுத்துகளில். மெகெல்லே என்றால் திக்ரின்யா. எழுத்து அம்ஹாரிக்கின் எழுத்துதான், மொழி வேறு.

ஒரோமியாவுக்குப் போகிறவர்கள் நன்றி சொல்ல "கலதோமா" என்ற ஒரு சொல்லையாவது கற்றுக்கொண்டு போங்கள். அங்கே நேரடியாக அம்ஹாரிக்கில் தொடங்குவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். இனி எழுதுவதெல்லாம் அம்ஹாரிக் புழங்கும் ஊர்களுக்கு.

2. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்: எழுத்து

எழுத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வாய்ப்பேச்சை மட்டும் கற்றால் போதும் என்று பலர் சொல்வார்கள். தமிழருக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அம்ஹாரிக் எழுத்து முறைக்கு ஃபிதெல் என்று பெயர். இடமிருந்து வலமாக எழுதுவது. 33 மெய் வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் 7 உயிர் வடிவங்கள், ஆக 231. நம் உயிர்மெய் அட்டவணை போலவே கட்டம் போட்டு எழுதலாம். க, கா, கி என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தவருக்கு இந்த அமைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. தினம் இரண்டு வரிசை எழுதிப் பழகினால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். ஹ, ஸ, அ போன்ற ஒலிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இன்றைய பேச்சில் அவற்றுக்கு ஒரே ஒலிதான்.

ஆறாவது உயிர் வடிவத்தை மட்டும் கவனியுங்கள். அது சில இடத்தில் புள்ளி வைத்த மெய் போல் ஒலிக்கும். சில இடத்தில் "அது", "பாட்டு" என்று சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்கு நெருக்கமாக ஒலிக்கும். எப்போது எது என்பது காதால் கேட்டுத்தான் பிடிபடும்.

செலவு என்று பார்த்தால் இந்தக் கட்டத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும்தான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் 1960களில் தயாரித்த அம்ஹாரிக் அடிப்படைப் பாடமும் அதன் ஒலிப்பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நடை பழையதுதான், ஆனால் உச்சரிப்புக்கு நல்லது. ஊரில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மின்சாரமும் இணையமும் எல்லா நேரமும் இருக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. கைப்பேசியில் அம்ஹாரிக் விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கியதும் எழுதுபொருள் கடையில் "ஃபிதெல் கெபெதா" என்று கேட்டால் குழந்தைகளுக்கான எழுத்து அட்டை கிடைக்கும். சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

3. குறிப்பேட்டில் தமிழில் எழுதும்போது

எல்லோரும் செய்வதுதான்: கேட்ட சொல்லைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வது. இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இதில் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, "புனா" (காபி) என்று எழுதினால் அதில் வரும் ப, பஸ்ஸின் ப. பல்லின் ப இல்லை. "கிரா" (இடப்பக்கம்) என்பதன் க, கேஸ் அடுப்பின் க. இப்படி வரும் எழுத்துகளுக்கு அடியில் ஒரு கோடு போடும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்த்தால் எந்த ப என்று நினைவிருக்காது.

இரண்டாவது, ஆங்கில எழுத்தில் எழுதிய அம்ஹாரிக்கில் ஜி, என் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் நம் ஞ. "நெக்ன்" என்று படிக்காதீர்கள், "நெஞ்". நம்மிடம் தனி எழுத்தே இருக்கும்போது ஆங்கிலத்தை ஏன் நடுவில் கொண்டுவர வேண்டும்?

மூன்றாவது, தொண்டையை ஒரு நொடி அடைத்து, மூச்சை நிறுத்தி, பட்டென்று விடும் ஒலிகள். க, த, ச, ப ஆகியவற்றுக்கு இப்படி ஓர் இணை உண்டு. ட்ஸ் போன்ற ஒன்றும் உண்டு. தமிழில் இவை இல்லை. வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள்: ஒலி வெடிக்க வேண்டும், ஆனால் காற்று கையில் படக்கூடாது. இவை சரியாக வராவிட்டாலும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ஆகவே இதற்காக முதல் மாதத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஒற்று மிகுவதில்தான் நமக்கு ஆதாயம். அம்ஹாரிக்கில் "கெனா" என்றால் இன்னும், "கென்னா" என்றால் கிறிஸ்துமஸ். "வானா" என்றால் நீச்சல், "வான்னா" என்றால் முக்கியமான. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். இரட்டிப்பை எழுத்தில் காட்டுவதில்லை. மற்ற நாட்டுக்காரர்கள் இந்த வேறுபாட்டைக் காதில் பிடிக்கவே திணறுவார்கள். பாடு, பாட்டு என்று வளர்ந்த காதுக்கு உடனே கேட்கும். கேட்டவுடன் தமிழில் ஒற்றோடு எழுதி வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஃபிதெலைவிடத் தமிழ்க் குறிப்பே உங்களுக்கு உதவும்.

4. முதல் வாரம்: "நீங்கள்" மட்டும் போதும்

அம்ஹாரிக்கில் "நீ" என்பதற்கே ஆணுக்கு "அந்தெ", பெண்ணுக்கு "அஞ்சி" என்று இரண்டு உண்டு. வினைச்சொல்லும் அதற்கேற்ப மாறும். ஆணிடம் "தெஹ்னா நெஹ்?", பெண்ணிடம் "தெஹ்னா நெஷ்?" என்று நலம் கேட்க வேண்டும். தமிழில் முன்னிலையில் ஆண் பெண் வேறுபாடு இல்லாததால் இங்கே நாம் திரும்பத் திரும்பத் தடுமாறுவோம்.

இதிலிருந்து தப்பிக்க வழி நம் பழக்கத்திலேயே இருக்கிறது. "நீங்கள்" என்பதற்கு இணையான மரியாதை வடிவம் "இர்ஸ்வோ". ஆண் பெண் இருவருக்கும் ஒன்றுதான். முன்பின் தெரியாதவரை நாம் "நீங்கள்" என்றுதானே அழைப்போம்? அதையே செய்யுங்கள். முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்:

தேனா யிஸ்தில்லிஞ்: வணக்கம் (யாரிடமும், எந்த நேரத்திலும்)
தெஹ்னா நெவோத்?: நலமாக இருக்கிறீர்களா?
தெஹ்னா நெஞ்: நலமாக இருக்கிறேன்
இக்ஸியாப்ஹேர் யிமெஸ்கென்: கடவுளுக்கு நன்றி (நலம் விசாரித்தால் சொல்லும் பதில்)
அமெஸெக்கினால்லெஹு: நன்றி
இபாக்வோ: தயவுசெய்து (மரியாதை வடிவம்)
யிகிர்த்தா: மன்னிக்கவும்
அவோ: ஆமாம்
இஷ்ஷி: சரி
அல்கெப்பாஞ்ஞிம்: புரியவில்லை

நலம் விசாரிப்பதை இங்கே அவசரமாக முடிக்கமாட்டார்கள். நீங்கள், வீடு, பிள்ளைகள், வேலை என்று வரிசையாகக் கேட்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் நேராக விலையைக் கேட்பது மரியாதைக் குறைவு. முதலில் வணக்கம், நலமா, பிறகு வெங்காயம்.

வயதில் மூத்த ஆணை "காஷே" என்றும் மூத்த பெண்ணை "எதியே" என்றும் அழைக்கலாம். சம வயதுக்காரர் என்றால் "வெந்திமே" (என் தம்பி, அண்ணன்), "இஹிதே" (என் தங்கை, அக்கா). அலுவலகத்தில் ஆணுக்கு "அதோ", திருமணமான பெண்ணுக்கு "வெய்ஸெரோ" என்று பெயருக்கு முன் சேர்ப்பார்கள். அந்தப் பெயர் அவருடைய சொந்தப் பெயராக இருக்க வேண்டும். பின்னால் வருவது தந்தை பெயர். அதைச் சொல்லி அழைத்தால் அப்பாவை அழைத்ததாகிவிடும். நம் இனிஷியல் முறை தெரிந்தவருக்கு இதில் குழப்பமே வராது.

பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் திடீரென்று "ஹ்" என்று மூச்சை உள்ளே இழுப்பார். அதிர்ச்சி அடைந்துவிட்டார் என்று நினைத்துப் பேச்சை நிறுத்த வேண்டாம். "ஆமாம், கேட்கிறேன்" என்பதுதான் அதன் பொருள். நாம் "ம்" கொட்டுகிற இடம் அது.

5. உண்டு, இல்லை, அல்ல

எனக்குப் பிடித்த பகுதி இது. பள்ளித் தமிழாசிரியர் "இல்லை" வேறு, "அல்ல" வேறு என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தது இங்கே வந்து பயன்படுகிறது. "அல்லெ" என்றால் உண்டு, இருக்கிறது. "யெல்லெம்" என்றால் இல்லை. "நெவ்" என்றால் ஆகும். "அய்தெல்லெம்" என்றால் அல்ல.

வுஹா அல்லெ? தண்ணீர் இருக்கிறதா?
மெப்ராத் யெல்லெம். மின்சாரம் இல்லை.
புனா நெவ். இது காபி.
புனா அய்தெல்லெம். இது காபி அல்ல.

ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் இந்த இரண்டு எதிர்மறைகளையும் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். உங்களுக்கு ஒரே நாளில் வந்துவிடும்.

வாக்கிய வரிசையும் அப்படியே. "இனெ புனா இஃபெல்லிகால்லெஹு" என்றால் "எனக்குக் காபி வேண்டும்". "ஸுக் யெத் நெவ்?" என்றால் "கடை எங்கே இருக்கிறது?" "நெகெ இமெதால்லெஹு" என்றால் "நாளைக்கு வருகிறேன்". இந்தக் கடைசி வாக்கியத்தில் "நான்" என்று தனியாகச் சொல்லவில்லை பாருங்கள். வினையின் விகுதியே சொல்லிவிடுகிறது. கேள்வியாக்கக் குரலை உயர்த்தினால் போதும். வேண்டுமானால் கடைசியில் "வேய்" சேர்க்கலாம், நம் "ஆ" விகுதி போல. ஆகவே மனதில் தமிழ் வாக்கியத்தை அமைத்து, சொற்களை மட்டும் மாற்றுங்கள். ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு வரிசையைத் தலைகீழாக்க வேண்டாம்.

கேள்விச் சொற்கள்: மின் (என்ன), மான் (யார்), யெத் (எங்கே), மெச்சே (எப்போது), ஸிந்த் (எவ்வளவு), லெமின் (ஏன்), இந்தேத் (எப்படி). "வேண்டாம்" என்பதற்கு "அல்ஃபெல்லிகிம்". தெருவில் விற்பவர்கள் சூழும்போது இதைச் சிரித்த முகத்தோடு சொன்னால் போதும்.

6. எண்கள்: கடைத்தெருவுக்குப் போகும் முன்

அந்த், ஹுலெத், ஸோஸ்த், அராத், அம்மிஸ்த், ஸித்திஸ்த், ஸெபாத், ஸிம்மிந்த், ஸெதெஞ், அஸ்ஸிர். இவை ஒன்று முதல் பத்து வரை. பிறகு பத்துகள்: ஹாயா (20), ஸெலாஸா (30), அர்பா (40), ஹம்ஸா (50), ஸில்ஸா (60), ஸெபா (70), ஸெமானியா (80), ஸெதெனா (90). நூறு மெதோ, ஆயிரம் ஷி. கூட்டுவது எளிது: 25 என்றால் "ஹாயா அம்மிஸ்த்".

பணம் போகும் இடம் எது தெரியுமா? 30-க்கு ஸெலாஸா, 60-க்கு ஸில்ஸா. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதேபோல ஸெபாத் (7), ஸெபா (70). சந்தேகம் வந்தால் கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை.

"ஸிந்த் நெவ்?" என்றால் எவ்வளவு. "வித் நெவ்" என்றால் விலை அதிகம். "தின்னிஷ் கென்னிஸ்" என்றால் கொஞ்சம் குறை (ஆணிடம்), பெண்ணிடம் "கென்னிஷி". விலை ஒட்டிய கடைகளில் பேரம் பேச வேண்டாம். மெர்காதோ போன்ற சந்தைகளில் பேசாமல் வாங்க வேண்டாம்.

நம் சமையலுக்கு வேண்டியவை: கெய் ஷின்குர்த் (சிவப்பு வெங்காயம்), நெச் ஷின்குர்த் (பூண்டு), திமாதிம் (தக்காளி), தின்னிச் (உருளைக்கிழங்கு), காரியா (பச்சை மிளகாய்), ஸின்ஜிபில் (இஞ்சி), இர்த் (மஞ்சள்), அபிஷ் (வெந்தயம்), தின்பிலால் (கொத்தமல்லி விதை), மிஸ்ஸிர் (மசூர் பருப்பு), ஷிம்பிரா (கொண்டைக்கடலை), ருஸ் (அரிசி), இர்கோ (தயிர்), ஸேய்த் (எண்ணெய்). பட்டியலைப் பாருங்கள், சாம்பார் பொடியில் பாதி இங்கேயே கிடைக்கிறது. ஊரிலிருந்து பெட்டி நிறைய மசாலா சுமந்து வர வேண்டிய அவசியம் இல்லை.

7. சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு சொல்: "ஸோம்"

ஸோம் என்றால் நோன்பு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் பெருநோன்பிலும் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் தொடமாட்டார்கள். அதனால் "யெ ஸோம் மிகிப் அல்லெ?" (நோன்புச் சாப்பாடு இருக்கிறதா?) என்று கேட்டால் எந்தச் சிறிய உணவகத்திலும் விஷயம் புரிந்துவிடும். "பெயாய்நெது" என்று கேட்டால் ஒரு பெரிய இன்ஜெராவின் (தோசை போன்ற புளித்த மாவு ரொட்டி) மேல் பருப்பு, கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று பல கறிகளைச் சிறுசிறு குவியலாக வைத்துக் கொடுப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஷிரோ என்பது கடலை மாவில் செய்யும் குழம்பு, சைவம்தான். ஆனால் "போஸெனா ஷிரோ" என்றால் மாட்டிறைச்சி இருக்கும். அடுத்து, நோன்பு நாளிலும் மீன் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள், ஆகவே நோன்புப் பட்டியலில் "அஸா" (மீன்) வரலாம். "ஸிகா அல்பெலாம், அஸா அல்பெலாம்" (இறைச்சி சாப்பிடமாட்டேன், மீன் சாப்பிடமாட்டேன்) என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

8. மணியும் தேதியும்: தவறவிட்டால் நஷ்டம்

மற்றதெல்லாம் தவறினால் சிரிப்போடு போய்விடும். இது தவறினால் சந்திப்பு போகும், கட்டணம் போகும், விசா நாள் போகும்.

இங்கே நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை 7 மணிதான் இவர்களுக்கு 1 மணி. "ஸோஸ்த் ஸஆத்" (3 மணி) வரச் சொன்னால் காலை 9 மணிக்குப் போக வேண்டும். "அஸ்ரா அந்த் ஸஆத்" (11 மணி) என்றால் மாலை 5 மணி. முள் கடிகாரத்தில் சின்ன முள்ளுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படித்தால் எத்தியோப்பிய மணி வந்துவிடும். "தெகுல்" என்றால் அரை: "ஸோஸ்த் ஸஆத் தெகுல்" நம் 9.30. காலை "தெவாத்", மாலை "மாதா", இரவு "லேலித்".

சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்தில் பேசும்போது சிலர் மணியை மாற்றிச் சொல்வார்கள், சிலர் எத்தியோப்பிய மணியையே ஆங்கில எண்ணில் சொல்வார்கள். ஊகிக்காமல் கேளுங்கள்: "பெ ஃபெரெஞ்ச் நெவ், வெய்ஸ் பெ ஹபெஷா?" வெளிநாட்டு மணியா, எத்தியோப்பிய மணியா என்று பொருள். ஃபெரெஞ்ச் நம் "பரங்கி"க்கு உறவு என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. விமான நேரம் மட்டும் எப்போதும் சர்வதேச மணிதான்.

நாட்காட்டியில் 13 மாதங்கள்: 30 நாள் கொண்ட 12 மாதங்கள், கடைசியில் பகுமே என்ற 5 அல்லது 6 நாள் மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11-ல் பிறக்கும். சில ஆண்டுகளில் 12-ல். செப்டம்பர் புத்தாண்டிலிருந்து டிசம்பர் வரை நம் ஆண்டிலிருந்து 7-ஐக் கழியுங்கள், ஜனவரியிலிருந்து மறுபுத்தாண்டு வரை 8-ஐக் கழியுங்கள். 2025 அக்டோபரும் 2026 பிப்ரவரியும் இங்கே 2018-தான்.

ஆவணங்களில் தேதியைப் பார்த்ததும் பக்கத்தில் உள்ள குறியைத் தேடுங்கள். ஆங்கில ஆவணமென்றால் ஈ.சி. என்று இருப்பது எத்தியோப்பிய நாட்காட்டி, ஜி.சி. என்று இருப்பது நமது. எந்தக் குறியும் இல்லாவிட்டால் கேட்டு, இரண்டு தேதிகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இது மிக முக்கியம்: வாடகை நாள் எத்தியோப்பிய மாதப்படியா, பகுமே நாட்களுக்குத் தனியாகக் கேட்பார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

கிழமைகள்: ஸெஞ்ஞோ (திங்கள்), மாக்ஸெஞ்ஞோ (செவ்வாய்), இரோப் (புதன்), ஹமுஸ் (வியாழன்), அர்ப் (வெள்ளி), கிதாமே (சனி), இஹுத் (ஞாயிறு). ஸாரே இன்று, நெகெ நாளை, தினாந்த் நேற்று.

9. அலுவலகமும் படிவங்களும்

படிவங்களில் மூன்று பெயர்கள் கேட்பார்கள்: உங்கள் பெயர், "யெ அப்பாத் ஸிம்" (தந்தை பெயர்), "யெ அயாத் ஸிம்" (தாத்தா பெயர்). கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள தமிழர்கள் இங்கே திணறுகிறார்கள். வழி இதுதான்: கடவுச்சீட்டில் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். ஓரிடத்தில் இனிஷியலை விரித்து எழுதி, இன்னோரிடத்தில் விட்டுவிட்டால், வங்கிக்கணக்குக்கும் வசிப்பு அட்டைக்கும் பெயர் பொருந்தாமல் அலைய நேரிடும். ஃபிதெலில் உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டு நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தர் தன் போக்கில் ஒவ்வொரு தடவையும் ஒரு விதமாக எழுதுவதை இது தடுக்கும்.

முகவரிக்குத் தெருப்பெயர் பெரிதாகப் பயன்படாது. "கிஃப்லெ கெதெமா" (துணை நகரம்), "வொரெதா" (வட்டாரம்), "யெ பேத் குதிர்" (வீட்டு எண்), "ஸில்க் குதிர்" (தொலைபேசி எண்) ஆகிய நான்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

மற்றபடி காதில் விழும் சொற்கள்: மெத்தாவெகியா (அடையாள அட்டை), யெ மெனோரியா ஃபெகாத் (வசிப்பு அனுமதி), யெ ஸிரா ஃபெகாத் (வேலை அனுமதி), தெப்தாபே (கடிதம்), மாஹ்தெம் (முத்திரை), ஃபிர்மா (கையெழுத்து), கிஃபியா (கட்டணம்), தெரெஸெஞ் (ரசீது), கெதெரோ (சந்திப்பு நேரம்), யெ பேத் கிராய் வுல் (வீட்டு வாடகை ஒப்பந்தம்). முத்திரையில்லாத கடிதத்துக்கு இங்கே மதிப்பில்லை. கடிதம் கையில் வந்ததும் அங்கேயே நின்று "மாஹ்தெம் அல்லெ?" என்று பாருங்கள். பணம் கட்டினால் "தெரெஸெஞ்" வாங்காமல் நகராதீர்கள்.

"இஷ்ஷி" என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். கேட்டுக்கொண்டேன் என்ற அளவில்தான் பல நேரம் அந்தச் சொல் வருகிறது. "மெச்சே?" என்று உடனே கேட்டு, கிழமையையும் மணியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. மினிபஸ்

நீலமும் வெள்ளையும் அடித்த மினிபஸ்களின் சன்னலில் தலையை நீட்டி உதவியாளர் ஊர்ப்பெயரைக் கூவுவார்: போலே, மெக்ஸிகோ, பியாஸா, மெகெனாஞ்ஞா. எண்கள் தெரிந்தால் அராத் கிலோ, ஸித்திஸ்த் கிலோ ஆகிய இடங்கள் காதில் தெளிவாக விழும். "போலே யிஹேதால்?" (போலே போகுமா?) என்று கேட்டு ஏறுங்கள். இறங்க "வெராஜ் அல்லெ!" என்று உரக்கச் சொல்ல வேண்டும், மெதுவாகச் சொன்னால் வண்டி நிற்காது. உதவியாளரை "வொயாலா" என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்பீர்கள். அந்தச் சொல்லால் அழைக்காமல் "ரெதாத்" அல்லது "வெந்திமே" என்பதே நல்லது. செயலி வழி வாடகைக் காரில் ஓட்டுநர் கட்டாயம் தொலைபேசியில் அழைப்பார். கெஞ் (வலம்), கிரா (இடம்), கெத்தித்தா (நேராக), இஸ்ஸிஹ் (இங்கே) என்ற நான்கும் தெரியாமல் அந்த அழைப்பைச் சமாளிக்க முடியாது.

11. ஆசிரியர், செலவு, கால அளவு

முதல் மாதம் தனியாகவே பழகலாம். இரண்டாம், மூன்றாம் மாதங்களுக்கு வாரம் இரண்டு வகுப்பு என்று ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மொழிப்பள்ளி வேண்டும் என்பதில்லை. பல்கலைக்கழக மாணவர் போதும். கட்டணத்தை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு: 2024 ஜூலை இறுதியில் பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும்படி விட்ட பிறகு விலைகள் எல்லாம் நகர்ந்துவிட்டன. கடந்த ஆறு மாதத்தில் வந்தவர்களிடம் மட்டும் விசாரியுங்கள்.

பேசும்போது நான்கு விஷயங்களை முடிவு செய்யுங்கள்: கட்டணம் மணிக்கா மாதத்துக்கா, பிர்ரிலா வேறு நாணயத்திலா, ஆசிரியரின் பயணச் செலவு யாருடையது, வராத வகுப்புக்கு என்ன கணக்கு. மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். வாராவாரம் தெலெபிர் என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாகக் கொடுத்தால் கணக்கும் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழைக் காலம். மாலை வகுப்புகள் அடிக்கடி தவறும், காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரிடம் இலக்கணம் கேட்பதைவிட, அந்த வாரம் உங்களுக்கு வேண்டிய வாக்கியங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். "நேற்றிலிருந்து தண்ணீர் வரவில்லை", "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று. மருத்துவமனைக்கு முன்பே தயாராக வேண்டியவை: "ராஸேன் அம்மோஞ்ஞால்" (தலை வலிக்கிறது), "ஹோதேன் அம்மோஞ்ஞால்" (வயிறு வலிக்கிறது), "மெத்ஹானித்" (மருந்து).

கூகுள் மொழிபெயர்ப்பில் அம்ஹாரிக் இருக்கிறது. பலகைகளைப் படிக்க உதவும். ஆனால் எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்று அதற்குத் தெரியாது. அது கொடுத்த வாக்கியத்தை அப்படியே வாசித்தால் பெண்ணை ஆணாக விளித்துவிடுவீர்கள்.

இதையெல்லாம்விடச் சிறந்த, செலவில்லாத வகுப்பு பக்கத்து வீட்டுக் காபி. பச்சைக் காபிக்கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, அந்தப் புகையைக் கையால் முகத்துப் பக்கம் தள்ளி முகரச் சொல்லி, இடித்து, ஜெபெனா என்ற கருத்த மண் கூஜாவில் காய்ச்சி, காதில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். அபோல், தோனா, பெரெகா என்று மூன்று சுற்று. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அழைத்தால் மறுக்காதீர்கள், முதல் சுற்றோடு எழுந்தும் வராதீர்கள். யாருக்கும் அவசரமில்லாத அந்த நேரத்தில், கையில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளையும் காட்டி "யிஹே மின்திந் நெவ்?" (இது என்ன?) என்று கேட்கலாம்; பிள்ளைகள் போட்டி போட்டுச் சொல்லித்தருவார்கள். சர்க்கரை வேண்டாமென்றால் கிண்ணத்தில் போடும் முன்பே "ஸிக்வார் அல்ஃபெல்லிகிம்" என்று சொல்லிவிடுங்கள், கேட்காமலே இரண்டு கரண்டி விழும்.